அவளோடு வந்த சர்க்கரை

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய முதல் கர்ப்பம். ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்தில் அன்னாசிப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற சின்னக் கடை என்னுடையது. காரில் வந்து இறங்குகிறவர்களில் சிலர் ஒரு துண்டை ஆசையாகப் பார்த்துவிட்டு, "எனக்கு சுகர் இருக்குங்க" என்று ஒதுங்கிப் போவார்கள். அது மலைக்குக் கீழே இருந்து வருகிறவர்களின் நோய் என்றுதான் நினைத்திருந்தேன். மலைமேல் எடப்புளி நாட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பிழைக்கிற எங்களுக்கு அது எங்கிருந்து வரும்?

அன்று சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒரு டம்ளர் நிறையக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்து இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்கிற பரிசோதனைதான். முடிவைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிரிக்காத கண்ணு. இது கர்ப்பத்துல வார சர்க்கரை. வயித்துல புள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோற நஞ்சுக்கொடி இருக்குதில்ல, அதுல சுரக்கற சில நீரு, உன்ற உடம்புல இருக்கற இன்சுலினைச் சரியா வேலை செய்ய உடாது. ரத்தத்துல சர்க்கரை தேங்கிப்போயிருது. புள்ள பொறந்து நஞ்சுக்கொடி உழுந்துட்டா, முக்காவாசிப் பேருக்கு அதுவும் போயிரும்."

"அப்பறம் பயமில்லீங்களா?"

"பயம் உனக்காக இல்ல சாமி. உள்ள இருக்கறதுக்காக."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

காலையில் அவித்த குச்சிக்கிழங்கு சாப்பிடுவது நின்றது. அது பலாப்பழக் காலம். வாசலிலேயே பழுத்து மணக்கும். அதுவும் நின்றது. சாமைச் சோறு ஒரு கிண்ணம், கீரை, மொச்சை, முட்டை. சாப்பிட்டதும் தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். என் கணவர் செல்வராசு மிளகும் காபியும் போட்டிருக்கிறார். நான் கிழங்கை விட்ட அன்றே அவரும் விட்டுவிட்டார். "நீங்க எதுக்குங்க பட்டினி கெடக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "நீ பாத்துக்கிட்டு இருக்கறப்ப எனக்கு எப்படி எறங்கும்?" என்றார்.

சாப்பாட்டால் மட்டும் சர்க்கரை அடங்கவில்லை. இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். தொடையில் நானே குத்திக்கொள்ளப் பழகினேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சின்னக் கலயத்தை இறக்கி, அதில் மருந்து பாட்டிலை வைத்து மூடி வைப்பார் அவர். ஊசி போடும்போதெல்லாம் வயிற்றைத் தடவி, "இது உனக்குத்தான், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பேன். வலித்தது எனக்கு, சமாதானம் சொன்னது அவளுக்கு.

எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில், ஒரு காலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. 108 வண்டி வந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பும்போது என்னை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே வந்தார் அவர். அடிவாரத்தில் அவருடைய அக்கா ராசாத்தி ஏறிக்கொண்டாள். கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். கட்டட வேலைக்குப் போகிறவள். சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். கையில் சிமெண்டு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அந்தக் கையால்தான் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார்கள். குழந்தை பெரியது, துடிப்பும் சரியில்லை, அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் ஊசி போட்டபின் இடுப்புக்குக் கீழே நான் இருப்பதே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு அழுகுரல் கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, முனகல். பெண் குழந்தை என்று சொல்லி என் கன்னத்தோடு ஒருமுறை அவளை ஒட்டவைத்தார்கள். சூடாக, வழுவழுவென்று இருந்தாள். உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவின் டாக்டர் ஒரு இளம்பெண். மறுநாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உங்க ரத்தத்துல இருந்த அதிகச் சர்க்கரை குழந்தைக்கும் போயிருக்கும்மா. அதைச் சமாளிக்க அவ உடம்பு இன்சுலினை நிறைய சுரந்துக்கிட்டே இருந்திருக்கு. தொப்புள்கொடியை வெட்டினதும் உங்ககிட்ட இருந்து வர்ற சர்க்கரை நின்னுடுச்சு, ஆனா அவ இன்சுலின் சுரக்கறது உடனே நிக்காது. அதனால அவளுக்குச் சர்க்கரை ரொம்பக் கீழே போயிடுச்சு. குளுக்கோஸ் ஏத்திக்கிட்டிருக்கோம். அது சரியாயிடும்."

"அப்பறம்?"

"நுரையீரல் இன்னும் பழுக்கலை. மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கோம். இதயச் சுவரும் கொஞ்சம் தடிச்சிருக்கு. பார்க்கலாம்மா."

"நான் ஊசி ஒழுங்காத்தான் போட்டனுங்க. கெழங்கு தொடவே இல்லீங்க."

"தெரியும். நீங்க போடாம இருந்திருந்தா இவ்வளவு தூரம்கூட வந்திருக்க மாட்டா."

சக்கர நாற்காலியில் வைத்து என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கண்ணாடித் தொட்டிலில் குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தாள். காலில் கட்டிய பட்டையில் "கோகிலாவின் குழந்தை" என்று என் பெயர்தான் எழுதியிருந்தது. சுற்றி இருந்த தொட்டில்களில் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் குறைமாதக் குழந்தைகள். நடுவே இவள் மட்டும் கொழுத்த கன்னமும் மடிப்பு விழுந்த கையுமாக மகாராணி மாதிரி இருந்தாள். பக்கத்துத் தொட்டிலின் அம்மா என்னைப் பார்த்து, "உங்க பாப்பா எவ்வளவு நல்லா இருக்குதுங்க! இதை எதுக்கு இங்க வெச்சிருக்காங்க?" என்றாள். பொறாமை இல்லை அது, ஏக்கம். பார்க்கப் பெரியவள், உள்ளே இருக்கிற நுரையீரல்தான் சின்னது என்று சொல்ல நா எழவில்லை. "போயிருவமுங்க சீக்கிரம்" என்றேன். அந்த வார்த்தை பின்னால் என்னை எவ்வளவு உறுத்தியது என்று சொல்ல முடியாது.

அவளுக்கு என் பால் வேண்டும் என்றார்கள். மற்ற எந்த மருந்தையும்விட முதல் பால் முக்கியம் என்றார்கள். ஆனால் எனக்குப் பால் வரவில்லை. சர்க்கரை இருந்த தாய்மார்களுக்குப் பால் ஊறுவது தாமதமாகும் என்று நர்ஸ் சொன்னார். நங்கை சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுத்து, தோளிலிருந்து மெதுவாக நீவிவிடுவாள். செங்கல் தூக்கிக் காய்ப்பேறிய கை, பூப்பறிக்கிற மாதிரி இறங்கும். சின்னக் கிண்ணத்தில் நான் பிழிவேன். அடியை நனைக்கிற அளவு, மஞ்சளாக, பசை மாதிரி வரும்.

"இத்தனூண்டுதான் நங்கை."

"அத்தனூண்டு வவுத்துக்கு இதே சாஸ்தி. குடு இங்க." சேலை முந்தானையால் மூடி, வழியில் யார் குறுக்கே வந்தாலும் ஒதுங்கச் சொல்லிக்கொண்டு கொண்டுபோவாள். அங்கே அதை ஊசிக்குழலில் எடுத்து, வாய் வழியாகப் போட்ட குழாயில் விடுவார்கள். "எல்லாத்தையும் குடிச்சுட்டா" என்று வந்து சொல்வாள். குழாயில் இறங்கியதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும்.

மூச்சு மெஷினை எடுத்துவிட்டு மூக்கில் காற்றுக் குழாய் மட்டும் வைத்த நாள்தான் எங்களுக்குத் திருவிழா. அன்று மதியம் அவளை என் மார்பில், தோலோடு தோலாகப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள். பிறகு தலையை ஆட்டி ஆட்டித் தேடினாள். நான் அசையவே இல்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். நாலைந்து தடவை இழுத்திருப்பாள், அதற்குள் களைத்துப்போய் வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டாள். அவளுடைய இழுப்பு அடிவயிற்றுத் தையல் வரைக்கும் சுண்டியது. வலி என்று அதைச் சொன்னால் பொய்.

அடுத்த முறை என் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. நஞ்சுக்கொடி போனதும் இறங்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். ஆனாலும் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "பால்ல இருக்கற இனிப்பு எங்கிருந்து வருதுன்னு நினைக்கறீங்க? உங்க ரத்தத்துல இருக்கற சர்க்கரையை எடுத்துத்தான் உடம்பு பால் செய்யுது. அவ குடிக்கக் குடிக்க உங்களுக்கு நல்லது. மாசக்கணக்கா விடாம கொடுத்தீங்கன்னா, பின்னாடி சர்க்கரை நோய் நிரந்தரமா வர்ற வாய்ப்பும் குறையும். கொடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் ஏதாவது சாப்பிட்டுக்குங்க, இல்லைன்னா மயக்கம் வரும்."

நான் அவளுக்காக ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது அவள் எனக்காகக் குடிக்கப் போகிறாள். மாலை அவர் வந்ததும் அதைச் சொன்னேன். அவர் சிரித்ததைப் பார்த்து நாளாகியிருந்தது. "வாங்குனதத் திருப்பிக் குடுக்கறாளாக்கும்!" என்றார்.

அதன்பின் இரண்டு நாள்கூட முழுசாகப் போகவில்லை. காலையில் அவள் நிறம் மாறியிருந்தது. இரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்றார்கள். மறுபடியும் மெஷின். மருந்துமேல் மருந்து. தடித்த இதயத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டு வண்டி வராந்தாவில் வந்துகொண்டிருந்த நேரம், எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் கொடுத்தார் டாக்டர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கன்னம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. முதல் முறையாக அவள் முகத்தை ஒரு குழாயும் மறைக்காமல் பார்த்தேன். மூக்கு அவருடையது. உதடு என் அம்மாவுடையது.

அன்று சாயங்காலம் எனக்குப் பால் வந்தது. சொட்டுச் சொட்டாக வந்தது போதாதென்று எல்லா வழியும் பார்த்தவளுக்கு, மார்பு கல்லாகக் கட்டி, ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து வழிந்தது. நிறுத்தத் தெரியாமல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை என் முன்னால் அழாத நங்கை அப்போதுதான் சத்தமாக அழுதாள்.

குழந்தையை மலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய அவரும் உறவினர்களும் கிளம்பினார்கள். நான் போக முடியவில்லை. தையல் ஒரு இடத்தில் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. சர்க்கரை இருந்த உடம்பில் புண் ஆறத் தாமதமாகும், காய்ச்சலும் இருக்கிறது, விட முடியாது என்றுவிட்டார்கள். பெற்றவள் கட்டிலில் கிடக்க, அவள் வளைவு வளைவாக ஏறி வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் வந்தார். பாலை நிறுத்த வழி சொன்னார். இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒற்றடம், கட்டிக்கொண்டால் கொஞ்சமாகப் பிழிந்து விடுவது. எல்லாம் சொன்னபின் தயங்கினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்களே டாக்டர், அவ குடிச்சா எனக்கு நல்லதுன்னு. இனிமே குடிக்க ஆள் இல்லீங்களே," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வழியும் இருக்கு. நான் கேக்கறதே தப்புன்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க. இங்கே தாய்ப்பால் வங்கி இருக்கு. உள்ளே இருக்கற குறைமாதக் குழந்தைங்க சிலருக்கு அம்மாவோட பால் போதலை. உங்க ரத்தத்தைப் பரிசோதிச்சுட்டு, பாலைப் பக்குவமா சூடுபண்ணி, உறையவெச்சுக் கொடுப்போம். யாருக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியாது."

"சக்கரைக்காரி பாலுங்களே?"

"பால்ல நோய் போகாதும்மா. நல்ல பால்."

நங்கைக்கு அது பிடிக்கவில்லை. "வேண்டாங் கண்ணு. எடுக்க எடுக்க ஊறிக்கிட்டே இருக்கும். உன்ற மனசு ஆறவே ஆறாது. துணி போட்டுக் கட்டிரலாம்." அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வழிந்த பாலைத் துணியில் துடைத்துத் துடைத்து அலசிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றுகிறபோது என்னால் தாங்க முடியவில்லை. அது அவளுக்கென்று வந்தது. சாக்கடையில் போகக் கூடாது. மறுநாள் காலை நானே நடந்து பால் வங்கியின் அறைக்குப் போனேன்.

சின்ன அறை. மெஷின் பாலை இழுக்கிற சத்தம் மாத்திரம் கேட்கும். மற்ற அம்மாக்கள் செல்போனில் தங்கள் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டு பிழிவார்கள், அப்படிப் பார்த்தால் பால் நன்றாக இறங்குமாம். என்னிடமும் ஒரு படம் இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். இறங்கியது.

அடக்கம் முடித்துக் காரியங்களையும் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். நங்கை அவரிடம் வெளியில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் கையில் மூடிபோட்ட கிண்ணத்தோடு வெளியே வந்தேன். வங்கிக்கான பாலைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில்தான் வாங்கி வைப்பார்கள். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தாடி முளைத்திருந்தது. நகக்கண்ணில் செம்மண் இருந்தது. அதைப் பார்த்ததும் எங்கே படுக்க வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவரே சொன்னார். "மொளகுத் தோட்டத்துல. நம்மூட்டு வாசல்ல நின்னாத் தெரியும்." பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"தெரியலீங்க."

"நம்ம புள்ளைக்கு ஒரு வாய்க்கு ஏங்குனமே..." என்றார். கோபமோ என்று பயந்தேன். "வேண்டாம்னா நிறுத்திடறனுங்க," என்றேன். அவர் கையை நீட்டினார். கிண்ணத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், அந்த நீள வராந்தாவில் மெதுவாக நடந்தார். நான் தையலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பிரிவின் கதவைத் திறந்த புது நர்ஸ், "யாரோட பாலுங்க?" என்று கேட்டாள்.

"என்ற பொண்ணோடதுங்க," என்றார்.

நர்ஸுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர் கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவள் இறந்தபின் அவர் அழுது நான் பார்த்தது அங்கேதான்.

புண் ஆறுகிறவரை ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதுவரைக்கும் கொடுத்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது மலைமேலிருந்து பாலைக் கொண்டுவர முடியாது என்பதால் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நாளுக்கு நாள் குறைத்தேன். நின்றுவிட்டது என்று நினைத்திருப்பேன், பஸ்ஸில் எங்காவது ஒரு குழந்தை அழும், ரவிக்கை நனையும். பிறகு அதுவும் இல்லாமல் போனது.

பிரசவமாகி ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பலர் குழந்தை வேலையில் மறந்துவிடுவார்களாம். எனக்கு மறக்க ஒரு வேலையும் இல்லை. நர்ஸம்மா முடிவைப் பார்த்துவிட்டு, "சுத்தமாப் போயிருச்சு கண்ணு! நார்மல்," என்று என் தோளைத் தட்டினார். என்னை சந்தோஷப்படுத்த ஒரு நல்ல செய்தியாவது கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி. எனக்கு அழுகை வந்தது. அவளோடு வந்தது அவளோடு போய்விட்டது. தையல் ஆறி, பால் வற்றி, இரத்தத்திலும் இப்போது ஒன்றும் இல்லை. அந்தத் தழும்பைத் தவிர, அவள் இருந்ததாக என் உடம்பில் எந்த மருத்துவர் வந்து தேடினாலும் இனி ஒன்றும் கிடைக்காது என்று தோன்றியது.

நர்ஸம்மா என்னை அழவிட்டுக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "போயிருச்சுன்னு உட்டுறாத. ஒருக்கா வந்த உடம்பு, திரும்ப வரும். வருஷா வருஷம் பாக்கோணும். அடுத்த புள்ளைக்கு நிக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லு, மொதல்ல இருந்தே பாத்துக்கலாம்."

அதனால் வருஷா வருஷம் போகிறேன். கடையைச் சாத்திவிட்டு, வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நிற்கிறேன். இன்னொரு குழந்தை இன்னும் தங்கவில்லை. கிராமத்தில் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மனம் நோகுமே என்று எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். நங்கைகூட அந்தப் பேச்சு வந்தால் வேறு எதையாவது இழுத்துவிடுவாள். இந்த ஒரு இடத்தில்தான் கேட்கிறார்கள். போன வாரம் போயிருந்தபோது இரத்தம் எடுக்கப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வயசு இவ்வளவுதான் ஆகிறது, எதற்காகச் சர்க்கரை பார்க்கிறீர்கள் என்றாள்.

"கர்ப்பத்துல இருந்துச்சுங்க."

"அப்படியா. குழந்தைக்கு இப்ப என்ன வயசு?"

ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நான் கையை அசைக்கவில்லை.

"இருந்தா மூணு வயசுங்க," என்றேன். "பொண்ணுங்க."